துறைமுகம் விட்டுச்சென்ற கரையில் ஒரு நாள்

நீரைப் பார்த்தபடி நடக்கலாம் என்று மட்டாஞ்சேரிக்கு வருபவருக்கு முதல் அரை மணி நேரம் ஏமாற்றம்தான். பஜார் ரோடு காயலை ஒட்டியே போகிறது. காயல் மட்டும் கண்ணில் படாது. கரைப்பக்கம் முழுக்க ஓட்டுக்கூரைப் பண்டகசாலைகள். ஒரு வாசல் தெருவில், இன்னொன்று நீரில். மிளகும் சுக்கும் வள்ளங்களில் வந்து இறங்கிய காலத்தில் இந்தக் கட்டடங்களுக்கு நீர்ப்பக்கம்தான் முன்பக்கம். தெருவில் போகிறவர் வேடிக்கை பார்க்கவேண்டும் என்று எந்த வணிகரும் இடம் விட்டுக் கட்டவில்லை. எங்காவது ஒரு சந்து திறந்தால் ஒரு கீற்றுக் காயலும், அதற்கு அப்பால் வில்லிங்டன் தீவும் தெரியும்.

ஆனாலும் கொச்சியில் ஒரு நாள் நடக்க இதைவிட நல்ல கரை கிடையாது. காயல், முகத்துவாரம், திறந்த கடல் என மூன்று விதமான நீரை ஒரே பகலில் பார்க்கலாம். அந்த மூன்றையும் ஒரு துறைமுகம் எப்படி மாற்றியது என்பதையும் காலாலேயே அளந்துவிடலாம்.

வெயில் ஏறுவதற்குள் புறப்படுவது புத்திசாலித்தனம். 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் 'டச்சு அரண்மனை' என்று பெயர் வாங்கிய மாளிகையும், 1568-இல் எழுந்த பரதேசி யூத ஜெபாலயமும் அந்நேரத்தில் பூட்டியிருக்கும். கவலையில்லை. அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களும் ஜெபாலயத்தின் சீனத்து நீலவெள்ளைத் தரையோடுகளும் மதியத்துக்குக் காத்திருக்கும். வெள்ளியன்று அரண்மனையும், சனியன்று ஜெபாலயமும் விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

யூதத் தெருவில் மிளகு முன்பேர வணிகம் நடந்த சங்கக் கட்டடம் இருக்கிறது. 1957 முதல் அங்கே தரகர்கள் கூவிக் கூவி விலை பேசினார்கள். பின்னர் வணிகம் கணினித் திரைக்குப் போய்விட்டது. சுற்றியுள்ள கடைகளில் மிளகைவிடப் பழம்பொருள்களும் காஷ்மீர்ச் சால்வைகளுமே அதிகம்.

மட்டாஞ்சேரி ஏன் இப்படி இளைத்தது? 1920-இல் சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன் பிரபு, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரைக் கொச்சிக்கு அனுப்பினார். முகத்துவாரத்துக்கு வெளியே கடலுக்கடியில் ஒரு மணல்திட்டு குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் அதைத் தாண்ட முடியாமல் வெளியே நங்கூரமிட, சரக்கைப் படகுகளே கரைக்கும் கப்பலுக்கும் சுமந்தன. பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டினார். 1928 மே மாதம் 'பத்மா' என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. காயலில் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவானதே ஆளுநரின் பெயரைத் தாங்கிய தீவு. கப்பல்கள் நேராக அங்கே போய் நிற்கத் தொடங்கியபின், எதிர்க்கரையின் பண்டகசாலைகளுக்கு வேலை குறையாமல் என்ன செய்யும்? 2011-இல் கன்டெய்னர்களும் வல்லார்பாடம் தீவுக்குப் போய்விட்டன.

துறைமுக வேலை என்றாலே மட்டாஞ்சேரியின் முதியவர்களுக்கு 'சாப்பா' நினைவுக்கு வரும். சாப்பா என்பது உலோக வில்லை. அது கையில் இருந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. மூப்பன்மார் என்ற கங்காணிகள் அந்த வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவார்கள். தொழிலாளர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்குவார்கள். பசித்தவர்களை அடித்துக்கொள்ளவிட்டு ஆள் எடுத்த இந்த முறைக்கு எதிராக எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவி இயக்கி 2023-இல் வெளியான 'துறமுகம்' படத்தின் கரு இதுதான். சுற்றுலாப் பலகைகளில் வாஸ்கோடகாமாவுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது இந்தச் சாப்பாவுக்குக் கிடைத்திருக்கலாம்.

தெரு வடமேற்காக வளைந்து கல்வத்தியை எட்டும்போது, தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க ஒரு விஷயம் உண்டு. மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானம். ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷ் ஆட்சியில் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து, சென்னை மாகாணத்தின் ஒரு துண்டு. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரியும்வரை, காலாற நடந்தாலே வேறொரு ஆட்சியின் எல்லையிலிருந்து சென்னை ராஜ்யத்துக்குள் வந்துவிடலாம். இரண்டு ஊர்களும் எர்ணாகுளத்தோடு ஒரே மாநகராட்சி ஆனது 1967-இல்தான்.

இந்தப் பக்கத்தில் ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய வணிகவளாகங்களின் வெறுமையைக் கலை நிரப்பியது. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி முசிரிஸ் பினாலேவுக்கு அந்த வளாகமே முக்கிய அரங்கானது. சுக்கு மூட்டை கிடந்த தளங்களில் ஓவியங்கள் வந்தன.

அடுத்து சீனவலைகள். மரச்சட்டங்களில் தொங்கும் வலையை நீருக்குள் இறக்கி, சில நிமிடங்கள் விட்டு, கயிற்றில் கட்டிய கற்களின் எடையைத் துணையாகக் கொண்டு நாலைந்து பேர் இழுத்து உயர்த்துகிறார்கள். சீனத்து வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது ஒரு கட்சி. மக்காவ் நகரிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பது மறுகட்சி. வலைக்குள் துள்ளுவது பெரும்பாலும் கைப்பிடி மீன். வலைகளுக்குப் பின்னால், பிரிஸ்டோ வெட்டிய அதே வழியில், அடுக்குமாடி உயரக் கப்பல்கள் மிக அருகில் கடந்துபோகும். இந்த நடையிலேயே கண்கொள்ளாக் காட்சி அதுதான். மழைக்காலத்தில் வந்தால் ஆகாயத்தாமரைக் குவியல் கரையையும் வலைகளையும் மூடிக்கிடக்கும்.

வாஸ்கோடகாமாவை 1524-இல் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயம் அருகில் இருக்கிறது. 1539-இல் எச்சங்களைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் கல்லறைக் கல் மட்டும்.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் திறந்த கடல். நடைபாதை உண்டு, கடற்கரை என்று சொல்லத்தக்க மணல்தான் குறைந்துகொண்டே போகிறது. கருங்கல் தடுப்பையும் மீறி அலை அடித்ததில் நடைபாதையும் ஆங்காங்கே சிதைந்தது.

வேளியில் உள்ள தோபி கானாவைத் தமிழர்கள் தவறவிடக்கூடாது. டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார்களின் வழிவந்தவர்கள் இங்கே இன்றும் துணி வெளுக்கிறார்கள். இப்போதைய கட்டடம் 1970-களில் எழுந்தது. தனித்தனி கல்தொட்டிகள், கஞ்சிப்பசை, கரிப்பெட்டி. கொடிக்குக் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி, அந்த முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு வீசினாலும் சட்டை பறப்பதில்லை. பேச்சு தமிழ்தான், மலையாள மணத்தோடு.

வேளியிலிருந்து ஆட்டோ பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு மட்டாஞ்சேரி நியூ ரோட்டின் காயீஸ் ஹோட்டல். ஆட்டு பிரியாணி தீர்வதற்குள் போய்ச் சேரவேண்டும். காலையில் விட்ட அரண்மனையையும் ஜெபாலயத்தையும் அதன்பிறகு பார்க்கலாம்.

மாலைக்குத் தெற்கே செல்லும் பேருந்து. ஜன்னலுக்கு வெளியே மானாசேரி, கண்ணமாலி என்று மீனவ ஊர்கள். வீடுகளுக்கும் அலைக்கும் நடுவே மணல்மூட்டைகள். புத்தன்தோட்டில் இறங்கினால் காட்சி மாறுகிறது. 2017-இன் ஒக்கி, 2021-இன் டவ்தே புயல்களில் கடல் வீடுகளுக்குள் புகுந்த செல்லானத்தில், சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆய்வை அடிப்படையாக வைத்து, ரூ.344 கோடித் திட்டத்தில் சுமார் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு அலைத்தடுப்பு எழுந்திருக்கிறது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நாலுகால் கான்கிரீட் கட்டைகள் கடல் பக்கம். சுவரின் உச்சியில் நடைபாதை. காலை முழுக்கச் சந்துகளின் இடுக்கில் எட்டிப்பார்த்த நீர், இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடக்கிறது. பாதுகாப்புக்காகக் கட்டியது, மாலைநடைக்காரர்கள் கூடும் இடமாகிவிட்டது.

சுவர் வராத வடக்குப் பகுதிகளில் கடலேற்றமும் போராட்டமும் தொடர்ந்தன. கப்பல்வழியை ஆழப்படுத்த ஆண்டு முழுக்க மண் அள்ளுவதே தங்கள் கரை தேய்வதற்குக் காரணம் என்பது அந்த மக்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. அவர்களின் கோரிக்கையில் ஒன்று எளிமையானது. துறைமுகம் வாரியெடுத்துக் கடலில் கொட்டும் மணலைத் தங்கள் கரையில் கொட்டவேண்டும் என்கிறார்கள். ஒரு தீவையே கொட்டி எழுப்பிய துறைமுகத்திடம்தான் அதைக் கேட்கிறார்கள்.