ஆறு கஜச் சிறுகுடல்

மும்பையில் நாற்பது ஆண்டுகளாக ஜவுளி வியாபாரம் செய்பவன் நான். வைத்தியம் படித்தவனல்ல. கடையில் கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் உடற்கூறு நூல்களைப் புரட்டிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அந்தப் படிப்பில் நான் எங்கே தவறினேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன், பூரி, பஜ்ஜி சாப்பிட்ட இரவுகளில் என் மனைவிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வரும். வலது தோள்பட்டை வரை இழுக்கும். "வாயுதான், ஓமத் தண்ணி குடி, சரியாப் போயிடும்" என்றேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் பள்ளியில் படிக்கும் பேத்தி கம்ப்யூட்டரில் சீரண மண்டலத்தின் முப்பரிமாண மாதிரி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மவுஸை அசைத்தால் உருவம் திரும்புகிறது. ஓர் உறுப்பைத் தொட்டால் அது தனியே விலகுகிறது. "தாத்தா, கல்லீரலை எடுத்துடறேன், பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க" என்றாள். பேரிக்காய் வடிவில் பச்சையாகப் பித்தப்பை தெரிந்தது. பாட்டி கை வைத்துக் காட்டும் அதே இடம்!

பித்தப்பையை நான் படித்திருந்தேன். ஆனால் புத்தகப் படத்தில் உறுப்புகள் தட்டையாக, தனித்தனியே கிடக்கும். எது எதோடு இணைகிறது என்பது மாதிரியைப் பிரித்தபோதுதான் விளங்கிற்று. கல்லீரல் சுரக்கும் பித்தநீர் இந்தப் பையில் தங்கிச் செறிவாகிறது. எண்ணெய்ப் பண்டம் இரைப்பையிலிருந்து முன்சிறுகுடலுக்கு இறங்கியதும், குடலிலிருந்து ஒரு ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றுகிறது. வழியில் கல் அடைத்தால் வலி. கணையநீர் வரும் குழாயும் பெரும்பாலோருக்கு அதே வாயிலில்தான் வந்து சேர்கிறது. ஆகவே கல் அங்கே சிக்கினால் கணையமும் வீங்கும்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. பித்தப்பையை அகற்றினார்கள். அது இல்லாவிட்டாலும் கல்லீரலிலிருந்து பித்தநீர் நேரே குடலுக்குச் சென்றுவிடும். மனைவி இப்போது நலம்.

பிரித்துப் பார்த்துப் படிக்கும் இம்முறை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் லூயி ஓசூ என்ற மருத்துவர், கழற்றி மாட்டக்கூடிய காகிதக்கூழ் உடல் மாதிரிகளைச் செய்தார். பிணம் கிடைக்காத இடங்களிலும் மாணவர்கள் அவற்றை வைத்துப் படித்தார்கள்.

கம்ப்யூட்டர் மாதிரியிலும் ஒரு குறை உண்டு, நீளம் உறைக்காது. அதற்கு நம் வீட்டுத் துணியே போதும். சிறுகுடல் சுமார் 6 மீட்டர். ஏறக்குறைய ஓர் ஆறு கஜப் புடவை. உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர், பெருங்குடல் ஒன்றரை மீட்டர். பேத்தியைப் புடவையைக் கயிறாக முறுக்கிச் சிறு கூடையில் அடைக்கச் சொன்னேன். மடித்து மடித்துத்தான் அடங்கிற்று. குடலும் அப்படித்தான் அடங்கியிருக்கிறது. அதன் உட்சுவரிலோ பூத்துவாலையின் நூல்கண்ணிகள் போல லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள். அவற்றின் வழியாகத்தான் சத்து இரத்தத்தில் சேர்கிறது.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் இவ்வுறுப்புகளின் பெயர்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்கிறார்கள். அடுத்த முறை மாதிரியைத் திறக்கும்போது பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளை இடத்தைக் காட்டட்டும். பாட்டி தமிழ்ப்பெயர் சொல்லட்டும். எங்கே வலிக்கிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவார்.