மனசுக்கும் வேண்டும் மர நிழல்

பயிருக்கு வரும் நோய்களைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று பயிரிடுகிறவரின் மனசைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

"பொழுதுக்கும் வயக்காட்டுலதானே கிடக்கிறோம், இதுல புதுசா என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மடை திருப்பும்போது கை வேலையில் இருக்கிறது. மனசோ வட்டிக் கணக்கில் இருக்கிறது. மனசு இளைப்பாறுவதற்கென்றே மரத்தடியில் உட்காருவது வேறு.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்கள் 23 பேர்; செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்கள் 23 பேர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இது 1984-இல் வெளிவந்த ஆய்வு. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் கேட்டு 2019-இல் வெளியிட்ட ஆய்விலும், வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கையோடு இருந்தவர்களில் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம்.

காரணம் என்ன? ஓயாமல் கணக்குப் பார்த்தால் மூளை களைத்துப் போகும். இலை அசைவதையும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதையும் பார்க்க அது சிரமப்பட வேண்டியதில்லை, களைப்பாறும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரி தூக்கமும் ஒழுங்காக வரும்.

ஆகவே தினம் 20 நிமிஷம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு 140 நிமிஷமாச்சு. செல்போனை வீட்டில் வைத்துவிட்டுக் கண்மாய்க் கரையிலோ வேப்ப மரத்தடியிலோ இருங்கள். நிலத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுத் திண்ணையில் முடங்கிய பெரியவருக்கு ஒரு கீரைப் பாத்தியைக் கொடுங்கள். அடுப்படியே கதியென்று இருக்கும் பெண்களுக்கும் இந்த நேரம் வேண்டும்.

மர நிழல் கடனை அடைக்காது. அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் தெளிவைத் தரும். அதோடு ஒன்று: இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'இருந்து என்ன பிரயோசனம்' என்ற பேச்சு வருகிறது என்றால் மரத்தடி மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். வீட்டிலுள்ள பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளுங்கள். சோர்ந்த பயிரைக் கண்டால் உடனே கவனிக்கிறோம். சோர்ந்த மனுஷரையும் அப்படியே கவனிப்போம்.