கழுகிறகுத் தொப்பிக்காரர்கள்

போலந்தின் தெற்கு எல்லையில், தத்ரா மலையடிவாரத்தில் பொத்ஹாலே என்றொரு சீமை இருக்கிறது. அங்கே ஆடு மேய்த்து வாழ்ந்த மலைமக்களின் அடையாளம் வட்டமான கம்பளித் தொப்பி. 1918-ல், 123 ஆண்டு அந்நிய ஆட்சிக்குப் பின் போலந்து விடுதலை பெற்றபோது, புதிய ராணுவம் அந்தத் தொப்பியை அப்படியே சீருடையாக ஏற்றுக்கொண்டது. பக்கவாட்டில் ஒரு கழுகிறகு, தோளிலிருந்து சரியும் மேலங்கி. இப்படிப் பிறந்தது பொத்ஹாலே ரைபிள் படை.

அவர்கள் கழுத்துப்பட்டியில் இருந்தது ஸ்வஸ்திக். திகைக்க வேண்டாம். அந்த மலைமக்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டு உத்திரத்தில் காப்புச் சின்னமாகச் செதுக்கி வந்த குறி அது. அதே குறியைக் கொடியில் ஏந்தி வந்த ஹிட்லரின் படை, 1939 செப்டம்பரில் அவர்களுடைய நாட்டையே விழுங்கியது. வரலாறு இதைவிடக் கொடுமையாக ஒரு சின்னத்தைப் பறித்ததில்லை.

நாடு போனது, படையின் பெயர் போகவில்லை. 1940 தொடக்கத்தில் பிரான்ஸ் மண்ணில் அதே பெயரில் ஒரு பிரிகேட் உருவானது. தளபதி சிக்மண்ட் போஹுஷ்-ஷிஷ்கோ. வீரர்கள் ஏறக்குறைய 5,000 பேர். ஹங்கேரி, ருமேனியா வழியாகத் தப்பி வந்தவர்களோடு, பிரான்சில் பிழைக்கப் போயிருந்த போலந்துத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். பெயரில்தான் மலை; பலர் மலையேறியே பழகாதவர்கள்.

அவர்களைத்தான், ஜெர்மனி கைப்பற்றியிருந்த நார்வேயின் நார்விக் துறைமுகத்தை மீட்க அனுப்பினார்கள். ஸ்வீடனின் இரும்புத்தாது ரயிலில் வந்து கப்பலேறும் இடம் அது. ஜெர்மனியின் ஆயுத ஆலைகள் அந்தத் தாதுவை நம்பியிருந்தன. எதிரே நின்றவர்களோ ஜெர்மன் ஜெனரல் டீட்லின் கீழ் இருந்த ஆஸ்திரிய மலைப்படையினர்; பனியிலும் பாறையிலும் வளர்ந்தவர்கள்.

மே 27 நள்ளிரவில் தாக்குதல் தொடங்கியது. நள்ளிரவு என்றாலும் இருட்டு இல்லை. மே கடைசியில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. ஒளிய நிழலின்றி, வழுக்கும் பனிச்சரிவில் போலந்து வீரர்கள் ஆங்கெனெஸ் குன்றுகளை நோக்கி ஏறினார்கள். விரிகுடாவுக்கு அப்பால் பிரெஞ்சு, நார்வே படைகள் நகரை நோக்கி முன்னேறின. 28-ம் தேதி நார்விக் மீண்டது. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் தரைப்படையிடமிருந்து நேச நாடுகள் மீட்ட முதல் நகரம் அதுதான்.

ஆனால் பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. ஜூன் முதல் வாரத்திலேயே நார்விக்கைக் கைவிட்டுக் கப்பலேறத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 100 தோழர்களை நார்வேயில் பலிகொடுத்துவிட்டு வந்தவர்கள், பிரெஞ்சுக் கரையில் இறங்கிய சில நாளில் அந்த நாடும் பணிந்தது. பிரிகேட் சிதறியது. சிலர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள், பலர் சிறைப்பட்டார்கள். போஹுஷ்-ஷிஷ்கோ பின்னாளில் இத்தாலியின் மோன்தே கசீனோ போர்க்களத்திலும் போரிட்டார்.

இன்று ஷெஷூஃப் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 21-ம் பொத்ஹாலே பிரிகேட் அதே தொப்பியை அணிகிறது. வார்ஸாவில், பெயரறியா வீரர் நினைவிடத்தில் போர்க்களங்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அங்கே போக நேர்ந்தால் நார்விக் என்ற பெயரைத் தேடி, ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.