அனல் சேமிக்கும் மின்சார அடுப்பு

தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பின்னர் அடுப்பை அணைத்துவிட்டாலும் இன்னும் ஒரு தோசை வெந்துவிடும் என்பதைச் சமையலறையில் ஒருநாளேனும் நின்றவர் யாவரும் அறிவர். அணைந்த அடுப்பின்மேல் அத்தோசை எதனால் வெந்தது? கல்லினுள் தங்கியிருந்த அனலால். இச்சிறு செய்தியையே பெரிதாக்கி, முப்பொழுதுச் சமையலுக்கும் வேண்டிய அனலைக் கனத்த பொருளொன்றினுள் முன்னரே தேக்கிவைத்து, வேண்டும்போது வேண்டுமளவு எடுத்துக்கொள்ளுமாறு அமைத்ததே அனல் சேமிக்கும் அடுப்பாகும்.

தமிழ் ஹானர்ஸ் வகுப்பு மாணவர் அடுப்பைப்பற்றி எழுதப் புகுந்ததேன் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். காரணம் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையில் எம் இல்லத்துச் சமையலறையிலும் முழங்காலளவு நீர் புகுந்தது. அதனைத் திரும்பக் கட்டும்போது எவ்வகை அடுப்பு வைப்பது என்னும் வினா எழுந்தது. கப்பலிற் பணிபுரியும் எம் தமையனார், இங்கிலாந்தின் துறைமுகம் ஒன்றில் தம்மை விருந்துக்கழைத்த ஒரு குடும்பத்தார் வீட்டில் இத்தகைய அடுப்பைக் கண்டு வியந்து, ‘தீயும் இல்லை, புகையும் இல்லை, எந்நேரமும் சூடாகவே இருக்கிறது. அம்மைக்கு இதுபோன்று ஒன்று வாங்கவேண்டும். நீ விசாரித்து எழுது’ என்று எமக்குக் கட்டளையிட்டார். விசாரித்ததன் பயனே இக்கட்டுரை.

எம் அன்னையார் மணமாகி வந்த காலத்தில் இல்லத்தில் உடைமர விறகே எரிந்தது. இன்றும் பனிக்காலத்து விடியலில் அவர் இருமும்போது அவ்விறகின் புகை எமக்கு நினைவு வரும். தாளிப்புப் புகை கண்ணிற் படியச் சமைத்த தலைவியொருத்தியைக் கூடலூர் கிழார் குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் காட்டியிருக்கிறார். அப்பாட்டை வகுப்பிற் படித்த அன்று, கணவன் உண்டு மகிழ்ந்ததையும் அவள் முகம் மலர்ந்ததையும் யாவரும் நயந்தோமேயன்றி, அந்தக் கண்களைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை. யாமும் கேட்கவில்லை.

நிற்க. அனல் ஒரு பொருளிலே தங்குவது எங்ஙனம்? இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. நம் கடற்கரை வள்ளங்கள் பின்னிரவில் கரைக்காற்றைப் பற்றிக்கொண்டு கடலுக்குள் ஓடியதும், பிற்பகலில் கடற்காற்றைப் பாயில் ஏந்திக் கரை சேர்ந்ததும் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். பகலிலே மணல் விரைந்து சுடுகிறது. கடல் மெல்லச் சுடுகிறது. இரவிலே மணல் விரைந்து ஆறுகிறது; கடலோ வாங்கிய வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. எனவே எப்பக்கம் வெம்மை மிகுந்திருக்கிறதோ அப்பக்கத்துக் காற்று இலேசாகி மேலெழ, மற்றைப் பக்கத்துக் காற்று அவ்விடத்தை நிரப்ப வருகிறது. ஒரே வெயிலைப் பெற்ற இரண்டு பொருள்களுள் ஒன்று அதனை உடனே செலவழிக்கிறது, மற்றொன்று சேமிக்கிறது.

இச்சேமிக்கும் ஆற்றலை எண்ணால் கூறுவதும் எளிது. ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் சக்தி வேண்டும். ஒரு கிலோ வார்ப்பிரும்புக்கு 0.46 கிலோஜூலே போதும். அங்ஙனமாயின் நீரையன்றோ அடுப்பினுள் நிரப்பவேண்டும் என்று வினவலாம். நீர் 100 பாகையில் ஆவியாகி ஓடிவிடும்; இரும்பும் செங்கல்லும் பல நூறு பாகைக்கும் அஞ்சாமல் நிற்கும். அன்றியும் இரும்பு நீரினும் ஏழு மடங்குக்கு மேல் கனமுடையதாகையால், ஒரே அளவு இடத்தில் அடங்கும் இரும்பு, பாகைக்குப் பாகை நீரின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது.

இவ்வித்தையை நம் ஊர் ரொட்டிக்கடைக்காரர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். தூத்துக்குடி மக்ரூனைச் சுவைத்தவர் பலர். அது வேகும் அடுப்பைக் கண்டவர் சிலரே. யாம் நண்பரொருவர் துணையுடன் விறகடுப்பு வைத்திருக்கும் கடையொன்றின் பின்கட்டிற்குச் சென்று பார்த்தோம். செங்கல்லால் குகைபோலக் கட்டிய அடுப்பு. அதனுள்ளேயே விறகை எரிக்கிறார்கள். கற்கள் நன்றாகக் காய்ந்ததும் தணலை இழுத்து அகற்றிவிட்டு வாயை மூடுகிறார்கள். அதன்பின் அங்கே தீ என்பதே இல்லை. முதற்சூட்டில் ரொட்டி, அது தணிந்தபின் பன், இன்னும் தணிந்தபின் பிஸ்கட்டு. முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரிப்பருப்புத் தூளும் சேர்ந்த மக்ரூன் மென்மையானது. கடுஞ்சூட்டில் வைத்தால் கருகிப்போம். ஆறிக்கொண்டே வரும் கல்லின் இளஞ்சூட்டில் பல நாழிகை கிடந்து, வேகுவதினும் உலர்வதே மிகுதியாக, அது உருப்பெறுகிறது. சூடு தணிவதையே குறையாகக் கொள்ளாமல் ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு பண்டத்தைச் செய்துகொள்ளும் அத்தொழிலாளரின் அறிவை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். உஷ்ணமானி அங்கே இல்லை. கையை உள்ளே நீட்டி எண்ணுகிறார்கள்.

வீட்டுக்குரிய அடுப்பாக இதனை ஆக்கியவர் ஸ்வீடன் நாட்டு குஸ்தாவ் டாலேன் என்பவர். நம் முயல்தீவுக் கலங்கரை விளக்கத்தை நாள்தோறும் காணும் நமக்கு அவர் அயலாரல்லர். ஏனெனில் அவருக்கு 1912-இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது கலங்கரை விளக்கங்களுக்கும் மிதவை விளக்குகளுக்கும் உரிய தானியங்கிக் கருவிகளுக்காகவே. பகல் வந்ததும் தானே அணைந்து இருள் வந்ததும் தானே எரியும் விளக்கு அவர் அமைத்தது. கரிய கோல் ஒன்று ஒளியை உறிஞ்சிச் சற்றே நீண்டு வாயுவின் வழியை அடைக்கும். பளபளப்பான கோல்கள் ஒளியைத் திருப்பிவிட்டு நீளாமல் நிற்கும். இவ்விரண்டின் வேற்றுமையே கருவியை இயக்கும். அதே 1912-இல் அசெட்டிலீன் வாயு வெடித்து அவர் இரு கண்களையும் இழந்தார். வீட்டிலே இருக்க நேர்ந்த காலத்தில், தம் மனைவியார் அடுப்பை ஓயாமல் பேணிக் களைப்புறுவதை உணர்ந்து, 1922-இல் ‘ஆகா’ என்னும் அடுப்பை வகுத்தார் என்பர். கண்ணுடையவராய் இருந்தபோது அவரும் அதனைக் கவனித்திருக்கமாட்டார் போலும்.

முதலில் அவ்வடுப்பில் எரிந்தது நிலக்கரி. சிறு நெருப்பொன்று இரவும் பகலும் கனன்று, வார்ப்பிரும்பாலான பெரிய உடலைச் சூடாக்கிக்கொண்டேயிருக்கும். மேலே கொதிக்கவைப்பதற்கு ஒரு தட்டு, மெல்ல வேகவைப்பதற்கு ஒரு தட்டு. இரண்டிற்கும் கனத்த மூடிகள். கீழே கடுஞ்சூட்டு அறை ஒன்று, இளஞ்சூட்டு அறை ஒன்று. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இல்லை. பாத்திரத்தைத்தான் இடம் மாற்றவேண்டும்.

மின்சார வகையில் நெருப்பின் இடத்தைக் கம்பிச்சுருள் பெறுகிறது. இரவிலே ஊர் உறங்கும்போது மின்சாரத்தின் தேவை குறைவு. ஆனால் நிலையங்களைச் சட்டென நிறுத்த இயலாது. ஆகவே பிரிட்டனில் இரவு மின்சாரத்தை மலிவாக விற்றனர். அந்நேரத்தில் சுருள்கள் கனத்த கற்களையோ இரும்பையோ சூடாக்கும். குறித்த சூடு வந்ததும், வெவ்வேறு அளவில் நீளும் இரு உலோகப் பட்டைகளை ஒட்டிய துண்டு போன்றதொரு சூட்டுக்கட்டுப்பாட்டுக் கருவி இணைப்பைத் துண்டிக்கும். டாலேனின் கரிய கோலுக்கு இது தம்பி முறையாகும். சுற்றிலும் வெப்பம் கடத்தாத பொருளால் கனமான போர்வை. பகலில் தட்டுக்கும் அறைக்கும் அனல் உலோகத்தின் வழியாகவோ, சில வகைகளில் விசிறி செலுத்தும் காற்றின் வழியாகவோ வந்து சேரும்.

கணக்கொன்று பார்ப்போம். மக்னீசியக் கல் 100 கிலோவை 100 பாகையிலிருந்து 600 பாகைவரை சூடாக்கினால் அதில் ஏறத்தாழ 50,000 கிலோஜூல், அதாவது 14 யூனிட் மின்சாரம், அனலாகத் தங்கும். ஒரு லிட்டர் நீரை நம் ஊர்ச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொணர ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கே வேண்டும். எனவே சிறு குடும்பமொன்றின் ஒருநாட் சமையலுக்கு அந்த 100 கிலோ கல் தாராளமாகப் போதும். இவ்வளவில் யாம் மகிழ்ந்து, தமையனாருக்கு ‘வாங்குக’ என்று எழுதவே தொடங்கிவிட்டோம்.

ஆனால் சேமித்தது தங்குமோ? எவ்வளவு போர்த்தினாலும் அனல் கசிந்துகொண்டேயிருக்கும். மூடியைத் திறக்குந்தோறும் ஓடும். எப்போதும் சூடாயிருக்கும் பெரிய மின்சார அடுப்பு வாரத்திற்கு ஏறத்தாழ 200 யூனிட் உண்ணும். நாளொன்றுக்கு 28 யூனிட். இரண்டு மாதத்திற்கு 1,700 யூனிட்டுக்கும் மிகுதி. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை எண்ணிப் பார்த்தால், எம் தந்தையார் இக்கணக்கைக் கேட்டவுடன் எழுந்து திண்ணைக்குப் போனதன் காரணம் விளங்கும். அந்த அனல் எங்கே போகிறது? சமையலறைக்குள்தான். இங்கிலாந்தின் குளிரில் அது வரவு; வீட்டையும் காய்ச்சும், ஈரத்துணியையும் உலர்த்தும். மனிதவுடல் ஒன்று ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வடுப்போ 1,200 வாட்டுக்குக் குறையாது. கத்திரி வெயிற் காலத்தில், உப்புக்காற்றில் வியர்வை உலராத தூத்துக்குடியில், எம் அன்னையார் சமைக்கும் சிற்றறையில் பன்னிருவரை இரவும் பகலும் நிறுத்திவைப்பதற்கு அது ஒப்பாகும்.

வேறு இடையூறுகளும் உண்டு. அனல் தட்டிலிருந்து பாத்திரத்துக்கு ஏறவேண்டுமானால் இரண்டும் முழுதும் பொருந்தவேண்டும். அடி தட்டையாயிருக்க வேண்டும். எம் வீட்டு இருப்புச்சட்டியும் ஆப்பச்சட்டியும் மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியும் உருண்டை அடியுடையன. தட்டில் ஒரு காசளவே தொடும். (மண்சட்டியைக் கீழ் அறையுள் வைக்கலாம், அங்கே குழம்பு நன்றாகவே சுண்டும் என்பது எம் துணிபு.) எடை 400 கிலோவுக்கு மேற்படுவதால் தரையிலன்றி வைக்கலாகாது. தரையில் வைத்தாலோ, மீண்டும் ஒரு டிசம்பர் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுவே.

எனினும் தத்துவத்தைத் தள்ளிவிடுதல் பிழையாகும். பிரிட்டனுக்கு இரவு எப்படியோ அப்படி நமக்கு நண்பகல். முள்ளக்காட்டில் 1986-இல் நாட்டிய காற்றாலைகளை முன்னோடியாகக் கொண்டு காற்றையும், பின்னர் வெயிலையும் மின்சாரமாக்கப் பழகிய நாடு இது. வெயில் மின்சாரம் பகலில் மிகுகிறது. சமையலுக்கும் விளக்குக்கும் தேவை மிகுவதோ மாலையில். 2023-இல் மத்திய அரசு வகுத்த விதியும், நேரத்துக்கேற்ற கட்டணம் நடைமுறைக்கு வருமிடத்து வெயில் நேரத்துக் கட்டணம் வழக்கமானதினும் 20 விழுக்காடேனும் குறைந்திருக்கவேண்டும் என்கிறது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பரீதாபாத் ஆய்வு நிலையம் வகுத்து 2022 ஜூனில் வெளியிட்ட ‘சூர்யா நூதன்’ என்னும் அடுப்பு இக்கருத்தையே மேற்கொண்டது. வெளியிலே வெயில் பலகை. அதன் மின்சாரம் கம்பி வழியே வீட்டினுள் வந்து சுருளைச் சூடாக்கும். அனல் போர்வையிட்ட களத்தில் தங்கும். அன்னையார் நிழலிலே நின்று, பொழுது சாய்ந்த பின்னும் சமைக்கலாம். மேகம் மூடினால் வீட்டு மின்சாரமும் துணைசெய்யும். எடுத்துச் செல்லும் அடுப்பல்ல, ஓரிடத்தில் நிற்பதே. ஆயினும் வேண்டுமளவே சேமிப்பதால் பன்னிருவரை அறையில் நிறுத்துவதில்லை. நாட்டுக்கு வேண்டிய சமையல் வாயுவில் பாதிக்குமேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவதை நினைத்தால், இம்முயற்சி விளையாட்டன்று.

இவ்விசாரணைக்கிடையே வீட்டிலும் ஒரு சோதனை செய்தோம். சேமிப்பதில் பாதி கல்லின் வேலை. மீதிப் பாதி போர்வையின் வேலையல்லவா? பழைய பனையோலைக் கடகமொன்றில் வைக்கோலும் கிழிந்த போர்வையும் திணித்து நடுவே பள்ளம் செய்தோம். அரிசி கொதித்துப் பத்து நிமிடம் ஆனதும் வாயு அடுப்பை அணைத்து, இறுக மூடிய பானையை அப்பள்ளத்தில் இறக்கி, மேலேயும் வைக்கோற் பொதியை அழுத்தினோம். முதல் நாள் மூடி சரியாகப் பொருந்தாமல் சோறு நறுக்கரிசியாய் நின்றது; அன்று யாவரும் பழைய சோறே உண்டோம். மறுநாள் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. அன்னையார் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, ‘எய்யா, வெந்துட்டே! இதுக்கா அண்ணன் கப்பல்ல அடுப்பு அனுப்பணும்னான்?’ என்றார்.

தமையனாருக்கு எழுதிவிட்டோம்: பெரிய அடுப்பு வேண்டா; அப்பணத்தில் மாடியிலே வெயில் பலகை இரண்டு வைக்கவும், சமையலறையின் கிழக்குச் சுவரில் சன்னலொன்று திறக்கவும் கருதியிருக்கிறோம்; சூர்யா நூதன் போன்றதொன்று நம் ஊரிற் கிடைக்கும் விலையை அறிந்து அடுத்த கடிதத்தில் தெரிவிப்போம் என்று. சன்னலுக்குக் கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். கடகம் இப்போது அடுப்படியிலேயே இருக்கிறது.