போட்டி நடத்துபவர் கையில் குச்சி மைக் ஏன்?

அமெரிக்க டெலிவிஷனின் பழைய பரிசுப் போட்டிகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். போட்டியை நடத்துபவர் கையில் இருக்கும் மைக், நமது கச்சேரி மேடை மைக்கைப் போல் உருண்டைத் தலையுடன் இருக்காது. பிரம்பைப் போல் ஒல்லியாக, நீளமாக இருக்கும். 1972-ல் புது உருவில் தொடங்கிய 'தி பிரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சியை 2007 வரை 35 ஆண்டுகள் நடத்திய பாப் பார்க்கர் பிடித்திருந்தது இத்தகைய மைக்கைத்தான். 1973-ல் மறுபடி தொடங்கிய 'மேட்ச் கேம்' நிகழ்ச்சியின் ஜீன் ரேபர்ன் கையிலும் இதுவே இருந்தது. இவ்வகையில் பேர்பெற்றது ஜப்பானின் சோனி கம்பெனி தயாரித்த 'ஈ.சி.எம். 51'. டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலைப் போல் இதை இழுத்து நீட்டலாம்.

இது வெறும் அலங்காரம் அல்ல. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முகம் மறையாது

சாதாரண மேடை மைக்கினுள் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. அதன் தலை பெரிய எலுமிச்சம்பழம் அளவு வந்துவிடுகிறது. வாயருகே பிடித்தால் பாதி முகத்தை மறைத்துவிடும். 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்டு செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் 'எலெக்ட்ரெட்' மைக்கை உருவாக்கினர். மின்னூட்டம் நிலைத்து நிற்கும் மெல்லிய ஏடுதான் இதில் ஒலியை வாங்குகிறது. காந்தம் தேவையில்லை. ஆகவே மைக்கின் தலை மிகச் சிறியதாயிற்று. ஜெயித்தவர் சிரிப்பதும் தோற்றவர் விழிப்பதும் காமிராவுக்குத் தெளிவாகத் தெரிந்தன.

ஒரு மைக், இரண்டு பேர்

பெயரைக் கூப்பிட்டதும் சபையிலிருந்து ஓடி வருபவருக்குச் சட்டையில் மைக் குத்த நேரம் ஏது? ஒரே மைக்கை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் ஒலியின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். மைக் நீளமாக இருந்தால் நடத்துபவர் குனிய வேண்டாம், நெருங்கி இடிக்கவும் வேண்டாம். மணிக்கட்டைத் திருப்பினால் போதும், மைக்கின் நுனி அடுத்தவர் வாயருகே போய்விடும்.

மூன்றாவது காரணம் நிர்வாகம். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் திரும்பி வருவது கடினம் என்பது நம் ஊர்க் கூட்டங்களில் அனைவரும் அறிந்ததே!

2000-ல் இந்தியில் 'கோன் பனேகா குரோர்பதி' வந்தது. 2012-ல் தமிழில் சூர்யாவும், 2014-ல் தெலுங்கில் நாகார்ஜுனாவும் அதே பாணிப் போட்டியை நடத்தினர். இவற்றில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆட்டக்காரரை முன்கூட்டியே தயார் செய்துவிடலாம். சட்டையில் குத்தும் சிறு மைக் போதும். குச்சி மைக்குக்கு வேலை இல்லை.

நம் விழாக்களில்

ஆனால் செகந்திராபாத்திலும் பத்மாராவ் நகரிலும் நாம் நடத்தும் பொங்கல் விழா வினாடி வினாவில் அந்த வேலை இன்றும் இருக்கிறது. வெளி மாநிலத்தில் பிறந்து தெலுங்கும் இந்தியும் பேசி வளரும் பிள்ளை, தயங்கித் தயங்கித் தமிழில் ஒரு பதில் சொல்கிறது. கடைசி வரிசையில் இருக்கும் தாயாருக்கு அது கேட்க வேண்டாமா? 'சத்தமாச் சொல்லும்மா' என்று அதட்டினால் வந்த பதிலும் ஓடிவிடும்.

குச்சி மைக் நம்மிடம் இல்லை. அதன் முறையைக் கைக்கொள்ளலாம். மைக்கைக் குழந்தையிடம் கொடுக்காமல் நீங்களே பிடியுங்கள். வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, மோவாய்க்குச் சற்றுக் கீழே பிடித்தால் முகமும் தெரியும், குரலும் கேட்கும். வலைத் தலையை விரல்களால் மூடாதீர்கள். மூடினால் ஒலிபெருக்கி ஊளையிடும். சிறு குழந்தையானால் நீங்கள் ஒரு காலை மடித்து அதன் உயரத்துக்கு இறங்குங்கள். பதில் முழுவதும் முடிந்த பிறகே மைக்கை உங்கள் பக்கம் திருப்புங்கள்.