பழைய எஞ்சினுக்கு ஏற்ற பிளைவீல் எது?

கியரைக் கையால் மாற்றும் காரில், எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே கனமான இரும்புச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. இதுவே பிளைவீல். எட்டு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க்ஷாப்ட் கால் சுற்று சுற்றுவதற்கு ஒருமுறை ஏதாவதொரு பிஸ்டன் அதை உந்துகிறது. அந்த உந்தலின் ஆற்றலைச் சேமித்து, இடைவேளையில் திருப்பித் தந்து, ஓட்டத்தைச் சீராக்குவது பிளைவீலின் வேலை.

பழைய காரைப் புதுப்பிப்பவர், போல்ட் துளைகள் பொருந்தும் எந்தப் பிளைவீலையும் மாட்டிவிடலாமா? கூடாது. அமெரிக்காவின் செவ்ரலே நிறுவனம் 1955-இல் அறிமுகப்படுத்திய சிறிய வகை வி-8 எஞ்சினைக் கொண்டு காரணத்தை விளக்குவோம்.

முதலில், பிளைவீலின் விளிம்பிலுள்ள பற்களை எண்ண வேண்டும். இந்த எஞ்சினுக்கு 153 பற்கள், 168 பற்கள் என இரு அளவுகள் உண்டு. சிறியதன் விட்டம் சுமார் 12¾ அங்குலம். பெரியதன் விட்டம் சுமார் 14 அங்குலம். செல்ப் மோட்டாரின் பற்சக்கரம் இந்தப் பற்களில் சரியாகக் கவ்வினால்தான் எஞ்சின் கிளம்பும்.

அடுத்து, போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தை அளக்க வேண்டும். 1985 வரை அதன் விட்டம் 3.58 அங்குலம். 1986 முதல் பின்புற எண்ணெய்த் தடுப்பு ஒரே வளையமாக மாறியதால், அது 3 அங்குலமாகக் குறைந்தது. ஆகவே ஒன்றின் பிளைவீல் மற்றதில் ஏறாது.

மூன்றாவது சோதனைதான் மிக முக்கியமானது. அது எடைச் சமநிலை. 1985-க்கு முந்தைய 350 கன அங்குல எஞ்சினில் எதிரெடைகள் முழுவதும் கிராங்க்ஷாப்டிலேயே உள்ளன. அதன் பிளைவீல் எல்லாப் பக்கமும் சம எடை கொண்டது. 1970 முதல் 1980 வரை வந்த 400 கன அங்குல எஞ்சினிலோ பிஸ்டனின் வீச்சு அதிகம். போதிய எதிரெடைக்கு உள்ளே இடமில்லை. எனவே ஒரு பகுதி எடையைப் பிளைவீலின் ஒரு பக்கத்தில் சேர்த்தார்கள். இவ்விரண்டின் போல்ட் துளைகளும் ஒன்றே!

மாற்றி மாட்டினால் என்ன நேரும்? சமநிலையற்ற எடையின் மையவிலக்கு விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மெதுவாக ஓடும்போது சிறு நடுக்கமாகத் தெரிவது, வேகத்தில் பேரிங்குகளைத் தேய்த்து, கிராங்க்ஷாப்டையே முறித்துவிடக்கூடும்.

எஞ்சினின் மேலுள்ள வார்ப்பு எண்ணை மட்டும் நம்புவதும் போதாது. கூடுதல் சக்திக்காக 350 எஞ்சினுக்குள் 400-இன் கிராங்க்ஷாப்டைக் கடைந்து பொருத்தும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. அப்போது வெளிக்கூட்டின் எண் ஒன்றைச் சொல்லும். உள்ளே சுழல்வது வேறாக இருக்கும்.

எனவே பழைய பிளைவீலைக் கழற்றியதும் எறிந்துவிடக் கூடாது. பற்களை எண்ணி, போல்ட் வட்டத்தை அளந்து, ஒரு பக்கத்தில் தனி எடை உள்ளதா என்று பார்த்த பிறகே புதியதை வாங்க வேண்டும். பிளைவீலைத் தீர்மானிப்பது எஞ்சினின் பெயரன்று. அதனுள் சுழலும் கிராங்க்ஷாப்டே ஆகும்.