லாரிக்குள் ஒரு சாட்சி வேண்டும்!

தொப்பூர்க் கணவாயில் லாரி புரண்டது என்று ஏட்டிலே செய்தி வந்தால், அடுத்த வரி என்ன என்பதைத் தோழர்கள் படிக்காமலே சொல்லிவிடுவார்கள். டிரைவரின் அஜாக்கிரதை! பிழைத்திருந்தால் கைது, மாண்டிருந்தால் பழி. அத்தோடு கோப்பு மூடப்படும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அந்தச் சரிவிலே நடந்த கோரங்களை நாடறியும். மற்றவற்றை எழுத இந்தப் பக்கம் போதாது.

அங்கே நடப்பதுதான் என்ன? தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி லாரி முழுப் பாரத்தோடு இறங்குகிறது. டிரைவர் கியரைக் கழற்றி நியூட்ரலில் விடுகிறார். டீசல் மிச்சமாம்! கியரில் இருந்தவரை என்ஜினே வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடி போயிற்று. இனி அத்தனை பாரத்தையும் தடுக்க வேண்டியது பிரேக் ஒன்றே. மிதிக்க மிதிக்க டிரம் கொதிக்கிறது, விரிகிறது, லைனிங் புகைகிறது. பெடலை அடியோடு அழுத்தினாலும் பிடிப்பு இல்லை. மறுபடி கியர் போடலாமென்றால் அந்த வேகத்தில் கியர் விழுவதில்லை. முன்னால் போகிறவர்களின் கதி என்னவாகும் என்பதை நாம் எழுதவும் வேண்டுமோ?

இதிலே ஒரு கொடுமை. இன்றைய மின்னணு டீசல் என்ஜின், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்து இறங்கினால், டீசலை அறவே நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில் விட்டாலோ, என்ஜின் அணையாமலிருக்கவே டீசல் குடிக்கிறது. ஆக, உயிரைப் பணயம் வைத்துத் தேடும் அந்த மிச்சமே பொய்! எத்தனை முதலாளிகள் இதைத் தம் டிரைவருக்குச் சொன்னார்கள்? "இந்த நடைக்கு இவ்வளவு டீசல், மிஞ்சினால் உனக்கு, போதாவிட்டால் உன் கைக்காசு" என்று பேசி அனுப்புகிற இடத்திலே, டிரைவரின் காலை பிரேக்கிலே வைப்பதும் எடுப்பதும் யார்?

கருவிகள் இல்லாமலில்லை. புகைக்குழாயை அடைத்து என்ஜினையே தடையாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். உண்டு. காற்று போனால் பிரேக் போய்விடும் என்று பலர் இன்னும் அஞ்சுகிறார்கள். காற்றுப் பிரேக் உள்ள கனரக லாரியின் பின்சக்கரத்திலே வலுவான சுருள்வில் ஒன்று இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பதே காற்றுத்தான். காற்று போனால் வில் விடுபட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பழுதானால் ஓடாதே, நில் என்கிற நல்ல புத்தி அந்த இரும்புக்கு இருக்கிறது! ஆனால் கொதித்துப்போன டிரம்மிலே அந்த வில்தான் என்ன செய்யும்?

ஐரோப்பாவிலே இன்னும் ஒருபடி மேலே போனார்கள். முன்னால் இருப்பதை ராடார் பார்த்து, டிரைவர் மிதிக்காவிட்டாலும் தானே பிரேக் போடும் ஏற்பாட்டைக் கனரக லாரிகளின் புதிய ரகங்களுக்கு 2013 நவம்பரிலும், புதிதாக விற்பனைக்கு வரும் லாரிகளுக்கு 2015 நவம்பரிலும் கட்டாயமாக்கினார்கள். 80 கிலோமீட்டர் வேகத்திலே வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி கண் அயர்ந்தால் 44 மீட்டர் போச்சு. அந்த 44 மீட்டரைக் காக்க வரும் கருவியை நாம் இரு கை நீட்டி வரவேற்கிறோம். ஆனால் கண் ஏன் அயர்ந்தது? அதை ராடார் கேட்காது. அதைக் கேட்கும் கருவி வேறு ஒன்று இருக்கிறது.

அதன் பெயர் டாக்கோகிராப். எத்தனை மணி நேரம் வண்டி ஓடியது, எப்போது நின்றது, என்ன வேகம் என்று ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். ஐரோப்பியப் பொதுச் சந்தை 1970 ஆம் ஆண்டிலேயே விதி செய்தது. பிரிட்டிஷ் லாரித் தொழிலாளர்கள் "கேபினுக்குள் ஒற்றன்" என்று சீறி எழுந்தார்கள். 1979 இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகே அங்கே வழி பிறந்தது. அந்தத் தொழிலாளரின் ஐயம் நமக்குப் புரிகிறது. முதலாளி பொருத்தும் எதையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கருவி யாரைக் காட்டிக்கொடுத்தது? நாலரை மணி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, நாளுக்கு 9 மணி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி என்பது அங்கே சட்டம். சாலைக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில், ஓடிய தூரத்துக்கும் ஏற்றிய பாரத்துக்கும் ஊக்கத்தொகை தரக்கூடாது என்பதும் சட்டம். டிரைவர் விதி மீறினால் நிறுவனமும் பொறுப்பு! சாட்சி அந்தக் கருவிதான்.

நம் நாட்டிலே சட்டமே இல்லையா? இருந்தது. 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. ஐந்து மணி வேலைக்குள் அரைமணி ஓய்வு என்றது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்தால் அது தானாகப் பாயாது. 2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலே கரைந்தது. ஆனால் அன்று அந்த 8 மணியை எண்ணியவர் யார்? இன்று எண்ணப்போகிறவர் யார்? 2025 முதல் புதிய லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் என்றார்கள், நல்லது. குளிர்ந்த கேபினிலும் இருபது மணி நேரம் ஓட்டினால் தூக்கம் வரத்தான் செய்யும்.

ஒற்றை லாரியைக் கடனிலே வாங்கி, தாமே ஸ்டீயரிங் பிடிப்பவரை நாம் முதலாளி என்று சாடவில்லை. அவர் கழுத்திலே சரக்கு அனுப்புகிறவரும் புக்கிங் ஆபீசும் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் பேசுவது லாரியைத் தவிர எல்லாவற்றையும் கையில் தொடாமல் வைத்திருக்கும் பெரிய புள்ளிகளைப் பற்றி. அவர்கள் வண்டியிலே ஜி.பி.எஸ். இருக்கிறது. வண்டி எந்த டீக்கடையில் எத்தனை நிமிடம் நின்றது என்று ஆபீசிலிருந்தே பார்க்கிறார்கள், "ஏன் நின்றாய்?" என்று போனிலே அதட்டுகிறார்கள். நின்றதை எண்ணத் தெரிந்த கருவிக்கு ஓடியதை எண்ணத் தெரியாதா? தெரியும். அந்தக் கணக்கு முதலாளியின் மேசையிலே பூட்டிக் கிடக்கிறது.

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் அடுத்த முறை பேட்டா உயர்வுக்குப் பேச உட்காரும் தோழர்கள், மனுவிலே இன்னொரு வரியும் சேர்க்கட்டும்: ஒவ்வொரு நடை முடிந்ததும் அந்த ஓட்டக் கணக்கின் நகல் ஒன்று டிரைவர் கையிலே.